பின்விளக்கு யாருக்காக?

தீபாவளி முடிந்ததும் மேற்கு மகாராஷ்டிரத்தின் சாலைகளில் கரும்பு டிராலிகள் இறங்கிவிடும். கோலாப்பூர், சாங்லி, சாதாரா மாவட்டங்களின் சர்க்கரை ஆலைகள் ஏறக்குறைய மார்ச் வரை இரவு பகலாக அரைக்கும். ஆலை நிற்காததால் கரும்பும் நிற்க முடியாது. ஒரு டிராக்டர், அதன் பின்னால் ஒரு டிராலி, அதற்கும் பின்னால் இன்னொரு டிராலி. டிரைவரின் தலைக்கு மேலே ஸ்பீக்கர் பெட்டி. வண்டியின் முகத்தில் கலர் பல்புகள். பாட்டு அரை கிலோமீட்டர் தூரத்துக்குக் கேட்கும். இத்தனை ஆர்ப்பாட்டத்தையும் தாண்டிக் கடைசி டிராலியின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் அங்கே பெரும்பாலும் இருட்டுதான் இருக்கும்.

திருச்செங்கோட்டில் லாரி ஒயரிங் கற்றுக்கொண்டு கோலாப்பூருக்கு வந்து 27 வருடங்கள் ஆகின்றன. தெற்கேயிருந்து வந்தவன் யாராக இருந்தாலும் இந்த ஊருக்கு அவன் 'அண்ணா'. என் பட்டறைக்கும் 'அண்ணா பட்டறை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வருடத்தில் ஐந்து மாதம் எனக்குச் சோறு போடுவது அந்த இருட்டுதான். அதனால் அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. விவசாயிகளுக்குப் பொறுப்பில்லை, டிரைவர்களுக்குப் படிப்பில்லை என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். உள்ளே கை வைத்துப் பார்த்தவனுக்குத்தான் விஷயம் வேறு என்பது தெரியும்.

முதலில் கணக்கு. இரவில் ஓடும் வண்டியின் பின்னால் எரியும் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்கின்றன 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். டிராலி மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறது; பின்னால் மோட்டார் சைக்கிள் 80-ல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி நொடிக்குச் சுமார் 17 மீட்டர் குறைந்துகொண்டே வரும். 155 மீட்டரில் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டால் அந்த ஆளுக்கு 9 நொடி கிடைக்கும். வேகத்தைக் குறைக்கலாம், ஒதுங்கலாம், டிரைவரைத் திட்டிக்கொண்டே முந்திப் போகலாம். விளக்கு இல்லையென்றால், தாழ்த்திய ஹெட்லைட் காட்டும் 45 மீட்டரில் திடீரென்று ஒரு கரும்புச் சுவர் எழுந்து நிற்கும். கிடைப்பது 3 நொடிகூட இல்லை. அதில் ஒன்றரை நொடி 'இது என்ன?' என்று மூளை யோசிப்பதற்கே சரியாகிவிடும்.

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு நடந்த விபத்துகளில் ஐந்தில் ஒன்று பின்னாலிருந்து மோதியது. எல்லாவற்றுக்கும் விளக்கு காரணமல்ல. ஆனால் விளக்கு காரணமாக இருந்த சிலவற்றை நானே பார்த்திருக்கிறேன்.

டிராலியின் ஒயரிங் உண்மையில் எளிமையான விஷயம். எரியும் விளக்குக்கு ஓர் ஒயர், பிரேக்குக்கு ஒன்று, இடது இண்டிகேட்டருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, திரும்பி வருவதற்கு எர்த் ஒன்று. டிராக்டருக்கும் டிராலிக்கும் நடுவில் ஏழு முனைகள் உள்ள பிளக்கும் சாக்கெட்டும் இருக்க வேண்டும். பல நாடுகளில் புழங்கும் 12 வோல்ட் தர அளவில் மூன்றாவது முனை எர்த். அதன் ஒயர் வெள்ளை. இவ்வளவுதான் பாடம்.

நடைமுறை வேறு. இந்த வாரம் இந்த டிராக்டரின் பின்னால் போகும் டிராலி அடுத்த வாரம் மைத்துனரின் டிராக்டரோடு போகும். ஒன்றில் சாக்கெட் இருக்கும், மற்றதில் இருக்காது. எனவே பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு ஒயர் முனைகளை முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். கடையில் எந்த நிறம் கிடைத்ததோ அதுதான் ஒயர். எர்த் ஒயர் மட்டும் பெரும்பாலான டிராலிகளில் இருக்கவே இருக்காது. கேட்டால், "இரும்புதானே அண்ணா, இரும்பு வழியாகப் போகும்" என்று பதில் வரும்.

அது முழுப் பொய்யும் அல்ல. பல்புக்குப் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வந்தால்தான் பல்பு எரியும். தனி ஒயர் இல்லாவிட்டால் அது டிராலியின் சட்டம் வழியாக வந்து, இழுவைத் தண்டையும் டிராக்டரையும் இணைக்கும் பின் வழியாக டிராக்டருக்குள் ஏற வேண்டும். இரண்டு டிராலி என்றால் இரண்டு பின். ஒவ்வொன்றிலும் கிரீஸ், சேறு, துரு. விளக்குச் சட்டத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு அடியிலோ பெயிண்ட். ஆலை வாசலில் நிற்கும்போது பாரம் பின்னை அழுத்துவதால் தொடர்பு கிடைத்துவிடும், விளக்கு எரியும். சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் அணைந்துவிடும். டிரைவர் எதிரே பார்த்து ஓட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் உண்டு. போகும் ஒயர்கள் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. திரும்பி வரும் வழியோ ஒன்றே ஒன்று. இரண்டு 5 வாட் விளக்கு, இரண்டு 21 வாட் பிரேக் விளக்கு, ஒரு 21 வாட் இண்டிகேட்டர் சேர்ந்தால் 73 வாட், அதாவது 6 ஆம்பியர். அத்தனையும் அந்த ஒரே வழியில் வர வேண்டும். அங்கே துருவினால் அரை ஓம் தடை இருந்தால் போதும், சுமார் இரண்டரை வோல்ட் அங்கேயே செலவாகிவிடும். பல்புக்கு ஒன்பதரை வோல்ட் மிஞ்சினால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். சாதா விளக்கு மங்கலாக எரியும். பிரேக்கை மிதித்ததும் எல்லாமே மங்கிவிடும். நின்றாக வேண்டிய நேரத்தில், இருந்த வெளிச்சமும் போகும்.

2018 ஜனவரியில் என் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த பையன் ஒருவன் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும்போது டிராலி ஒன்றின் பின்னால் மோதினான். வயது 19. ஹெல்மெட் போட்டிருந்ததால் உயிர் தப்பியது. வலது காலில் இரண்டு ஆபரேஷன். விளக்கைப் பழுது பார்க்கிறவனே விளக்கில்லாத வண்டியில் விழுந்தான் என்று ஊரில் பேசினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, போலீஸ் விடுவித்த டிராலியை அதன் சொந்தக்காரர் என் பட்டறைக்கே கொண்டுவந்தார். அறுபது வயது தாண்டிய விவசாயி. இரண்டு ஏக்கர் கரும்பு. எனக்கு அவரோடு பேசவே பிடிக்கவில்லை. அவர் ஒரு துணிப்பையிலிருந்து நான்கு பல்புகளை எடுத்து மேஜையில் வைத்தார். "இந்த சீசனில் மூன்று தடவை பல்ப் மாற்றினேன் அண்ணா. மாற்றினால் எரிகிறது, நாலு நாளில் அணைகிறது. கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான்" என்றார்.

அந்த நான்கையும் பேட்டரியில் நேராக வைத்துப் பார்த்தேன். நான்கும் பளிச்சென்று எரிந்தன. டிராலியில் பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட் சரியாக வந்துகொண்டிருந்தது. பல்பைப் போட்டால் எரியவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து விளக்கின் உடம்பில் தொட்டேன். எரிந்தது. எடுத்தேன், அணைந்தது. மறுபடியும் தொட்டேன். அவர் மூன்றாவது தடவையில் புரிந்துகொண்டார்.

"அப்படியானால் நான் வாங்கிய பல்பெல்லாம்?"

"எல்லாம் நல்ல பல்புதான் மாமா. திரும்பி வர வழியில்லை."

மாற்றினால் ஏன் எரிந்தது என்பதும் அப்போது விளங்கியது. பல்பைத் திருகிக் கழற்றி மாட்டும்போது ஹோல்டரும் சட்டமும் அசையும். போல்ட்டின் அடியில் துரு கொஞ்சம் உதிர்ந்து இரும்போடு இரும்பு படும். நாலு நாள் எரியும். குலுக்கலில் மறுபடியும் தொடர்பு போகும். வைத்தியம் பலித்தது போலவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அந்தப் பெரியவர் அலட்சியக்காரர் அல்ல. மூன்று தடவை காசு செலவழித்தவர். செலவழித்த இடம்தான் தப்பு. அவருக்குப் பல்ப் விற்ற எவரும் போல்ட்டைக் கழற்றிப் பார்க்கவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு பையனின் வீடு எங்கே என்று கேட்டார்.

எனவே பழுது பார்க்கும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டெஸ்ட் லாம்ப்பும் ஆறேழு மீட்டர் ஒயரும் போதும்.

முதலில் டிராலியைக் கழற்றிவிட்டு டிராக்டரின் சாக்கெட்டில் ஒவ்வொரு முனையாகப் பார்க்க வேண்டும். டெஸ்ட் லாம்ப்பின் கிளிப்பை டிராக்டரின் உடம்பில் மாட்டாமல், சாக்கெட்டின் எர்த் முனையிலேயே வைத்துப் பார்ப்பது முக்கியம். அங்கே எல்லாம் எரிந்தால் டிராக்டரில் குற்றமில்லை, பழுது டிராலியில். அடுத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேர் ஒயர் இழுத்து விளக்கின் உடம்பில் தொட்டுப் பார்ப்பது. எரிந்தால் எர்த் பழுது. என் அனுபவத்தில் பத்து டிராலியில் ஏழு இங்கேயே முடிந்துவிடும். எரியாவிட்டால் மட்டும் பல்ப், ஹோல்டர், நடு ஒயர் என்று தேடிக்கொண்டு போகலாம்.

விளக்கின் நடத்தையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். இண்டிகேட்டர் போட்டால் கூடவே சாதா விளக்கும் மினுக்கினால், எரியக்கூடாத விளக்கு மங்கலாக எரிந்தால், அது பேய் வேலை அல்ல. திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம், பக்கத்துப் பல்பின் இழை வழியாக வேறு ஒயரைப் பிடித்துத் திருட்டு வழியில் ஊருக்குத் திரும்புகிறது என்று அர்த்தம்.

ஃபியூஸ் அடிக்கடி போனால் எங்கோ ஒயர் நசுங்கி இரும்பில் படுகிறது. பெரும்பாலும் இழுவைத் தண்டின் வளைவில்தான் அது இருக்கும். புது ஃபியூஸ்களை எரித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பைத் தொடராக மாட்டிவிட்டு, மற்ற விளக்குப் பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஒயரைப் பின்பக்கம் வரை அங்கங்கே அசைத்துக்கொண்டு போக வேண்டும். ஷார்ட் இருக்கும்வரை அந்தப் பல்ப் பளிச்சென்று எரியும். எந்த இடத்தை அசைக்கும்போது அணைகிறதோ அங்கேதான் காயம். சிலர் ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். மேலே இருப்பது காய்ந்த கரும்புச் சோகை என்பதை நினைத்துப் பார்த்தால் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

இது நம் நாட்டு வியாதி என்று நினைத்திருந்தேன். 2023 கோடையில் அமெரிக்காவிலிருந்து என் அண்ணன் மகன் போன் செய்தான். அங்கே ஓய்வு பெற்றவர்களும் விடுமுறைக்காரர்களும் வீட்டையே பஸ் மாதிரி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே. அந்த மோட்டார் வீட்டின் பின்னால் தங்கள் காரைக் கட்டி இழுத்துப் போவார்கள். போன இடத்தில் கடைக்குப் போக அந்தக் கார். காரின் பின்விளக்குகள் முன்னால் போகும் வண்டியோடு சேர்ந்து எரிய வேண்டும் என்பது அங்கே சட்டம்.

"சித்தப்பா, பிரேக் போட்டால் கார் விளக்கு எல்லாம் மங்கிப் போகுது. இண்டிகேட்டர் போட்டால் ரெண்டு பக்கமும் மினுக்குது" என்றான்.

அவர்களுடைய சிறிய பிளக்கில் நான்கு ஒயர்கள்தான்: வெள்ளை எர்த், பழுப்பு சாதா விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. பிரேக்குக்குத் தனி ஒயர் கிடையாது. அங்கே பல வண்டிகளில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு விளக்கில் எரிவதால், இரண்டு செய்தியும் ஒரே ஒயரில் போகும். முன்வண்டியில் மஞ்சள் இண்டிகேட்டர் தனியாக இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க ஒரு கன்வர்ட்டர் பெட்டி வேண்டும். முன்வண்டியின் மின்சாரம் காரின் சொந்த ஒயரிங்குக்குள் பின்வாங்கிப் போகாமலிருக்க ஒவ்வொரு ஒயரிலும் டையோடு போடுவார்கள். அது ஒரு திசையில் மட்டும் திறக்கும் கதவு. நம் டிராலியைவிடக் கொஞ்சம் சிக்கல்தான்.

அவன் கன்வர்ட்டரை ஏற்கனவே ஒரு தடவை மாற்றியிருந்தான். டையோடுகளும் புதிது. வெள்ளை ஒயர் எங்கே முடிகிறது என்று வீடியோவில் காட்டச் சொன்னேன். காரின் அடியில், பெயிண்ட் அடித்த தகட்டில் ஒரு திருகாணி. அதைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி மறுபடி முடுக்கச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் மறுபடி கூப்பிட்டான். சரியாகிவிட்டது. துணிப்பையில் பல்ப் வைத்திருந்த பெரியவர் எனக்கு ஞாபகம் வந்தார். அவனும் செலவழித்த இடம்தான் தப்பு. வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே அவனுக்கு யாரும் அடிபடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. காரைக் கட்டியதும் ஒவ்வொரு தடவையும் மனைவி பின்னால் நின்று பார்த்துச் சொல்வது அவர்கள் பழக்கமாம்.

இப்போது எல்.இ.டி. விளக்குகள் வந்திருக்கின்றன. நல்லதுதான். 21 வாட் பல்ப் இழுக்கும் மின்சாரத்தில் சிறு பங்கே போதும் என்பதால், துருப்பிடித்த போல்ட் வழியாகக்கூட அவை ஓரளவு எரிந்துவிடும். ஆனால் பழைய ஃபிளாஷரோடு சேர்த்தால் இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கும். எர்த் முழுவதும் போனால் அவையும் அணையும். சீசன் ஆரம்பத்தில் போலீஸாரும் ஆலைக்காரர்களும் ஒளிரும் சிவப்பு டேப் ஒட்டுகிறார்கள். அதுவும் தேவைதான். ஆனால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு அதை மறைக்கும், சேறு மூடும். டிராலி பிரேக் போடுகிறது என்று டேப் சொல்லாது.

முன்விளக்கு அணைந்தால் டிரைவர் உடனே என்னைத் தேடி வருகிறார். பாட்டுப் பெட்டி நின்றால் அதைவிட வேகமாக வருகிறார். பின்விளக்கு மட்டும் அடுத்தவனுக்காக எரிவது. அதன் சொந்தக்காரர் ஓட்டும்போது ஒருநாளும் அதைப் பார்ப்பதில்லை. மிதிக்கும் கால் முன்னால் இருக்கிறது, எரிய வேண்டிய விளக்கு இரண்டு டிராலி தள்ளி இருக்கிறது. தனியாக இருக்கும் டிரைவர் நினைத்தாலும் பிரேக் விளக்கைச் சோதிக்க முடியாது. இன்னோர் ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்கும் பஞ்சமில்லை. சீசனில் ஒவ்வோர் ஆலை வாசலிலும் டிராலிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் இன்னொருவரின் பின்விளக்கு இருக்கிறது. முன்னால் இருப்பவர் ஒரு தடவை பிரேக்கை மிதிக்க, பின்னால் இருப்பவர் பார்த்து "எரியுது" அல்லது "எரியலை" என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. எடை போட்டு ரசீது கொடுக்கும் இடத்தில் ஆலைகள் இதையும் ஒரு வழக்கமாக்கிவிடலாம். எரியாதவருக்கு அபராதம் வேண்டாம். எர்த்துக்கு ஒரு தனி ஒயர், நுனியில் லக், சுரண்டிய இரும்பில் ஒரு போல்ட், மேலே கொஞ்சம் கிரீஸ்: அரை மணி நேர வேலை.

அடிபட்ட பையன் எட்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினான். லேசாகத் தாங்கித் தாங்கி நடக்கிறான். எந்த டிராலி வந்தாலும் பல்பைத் தொடுவதற்கு முன் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு போல்ட்டின் பக்கம் போகிறான். வேலை முடிந்ததும் டிரைவரைக் கீழே இறக்கிப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறான். பிறகு தானே டிராக்டரில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிறான். பல டிரைவர்கள் தங்கள் வண்டியின் பின்விளக்கு எரிவதை முதல் தடவையாகப் பார்ப்பது அப்போதுதான்.